பால்புதுமையினர் புனைவுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்க ஒரு வழி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நூலகத்துக்குச் சென்று பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர்) இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அப்படியொரு தனி அடுக்கு இருப்பது அரிது; ஆகவே, ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சு. சமுத்திரத்தின் திருநங்கை வாழ்வைப் பேசும் 'வாடாமல்லி' நாவல் பொதுவான நாவல்களோடுதான் இருக்கும். 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் என்பதால், அவருடைய நூல்கள் பழைய நூலகங்களில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் தொடங்குவோருக்கு ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) நூலையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கொழும்புத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஆர்ஜி, பாட்டி வீட்டில் சேலை உடுத்தி மணப்பெண்ணாக விளையாடிப் பிடிபடும் முதல் கதையில், பெரியவர்களின் முகம் மாறுவதை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்ததுபோல உணர்வீர்கள். அது ஆறு கதைகளாகப் பிரிந்த நாவல் என்பதால், தருமபுரியிலிருந்து ஓசூர் வரையிலான பேருந்துப் பயணத்தில் ஒரு கதையை நிதானமாக முடிக்கலாம். 1983 கலவரத்தைச் சொல்லும் இறுதிப் பகுதியை மட்டும் வீட்டில், தனிமையில் வாசியுங்கள்.

ஓசூர்ப் பக்கம் கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் வசுதேந்திராவின் 'மோகனசாமி' கதைகளை மூலத்திலேயே படிக்கலாம். தங்கள் பாலீர்ப்பையோ பாலினத்தையோ வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள், கைப்பேசியில் மின்னூலாக வாங்கி, அந்தச் செயலிக்குப் பூட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.