வெல்ஷ் அகராதியில் சொல் தேடுவது எப்படி?

வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷைப் படிக்கத் தொடங்கிய முதல் வாரமே அகராதியிடம் தோற்றுப்போனேன். ‘தேவை’ என்று பொருள்படும் ‘அங்ஙென்’ என்ற சொல். ஏ, என், ஜி, இ, என் என்று எழுதுவார்கள். ‘ஏ-என்’ பகுதியை இரண்டு தடவை புரட்டியும் கிடைக்கவில்லை. அச்சுப்பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன். அதுவோ ‘ஏ-ஜி’ சொற்கள் முடிந்த கையோடு உட்கார்ந்திருந்தது.

படி 1: வெல்ஷில் 29 எழுத்துகள். அவற்றில் எட்டு ஜோடிகள்: சி-எச், டி-டி (dd), எஃப்-எஃப், என்-ஜி, எல்-எல், பி-எச் (ph), ஆர்-எச், டி-எச் (th). ஒவ்வொரு ஜோடியும் தனி எழுத்துதான். குறுக்கெழுத்துப் புதிரில்கூட ஒரே கட்டம். எல்-இல் தொடங்கும் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகே எல்-எல் வரும். மற்றவையும் அப்படியே, என்-ஜியைத் தவிர. அதன் இடம் ஜிக்கு அடுத்து!

படி 2: ஒலிகள். எஃப் ஒன்று வந்தால் ‘வ’, இரண்டு வந்தால் ‘ஃப’. (சிரிக்காதீர்கள், நாமும் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்தைச் சேர்த்துத்தானே எழுதுகிறோம்?) டி-டி என்பது ‘அது’வில் வரும் மெல்லிய ‘து’. எல்-எல்லுக்கு, ‘ல்’ சொல்வதுபோல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் ஓரமாகக் காற்றை ஊதுங்கள்.

படி 3: என்-ஜி. இங்கேதான் நிதானம் வேண்டும். ‘அங்ஙனம்’ என்பதில் உள்ளதுபோல ‘ங’ மட்டும் ஒலித்தால் ஒரே எழுத்து. ‘தங்கம்’போலப் பின்னால் ‘க’வும் கேட்டால் என் தனி, ஜி தனி. பாங்கோர் என்ற ஊர்ப்பெயர் இரண்டாம் வகை. ‘காட்டு’ என்று பொருள்படும் ‘டங்கோஸ்’ஸும் அப்படியே; அதை ‘டி-ஏ-என்’ (dan) வரிசையில் தேடினால் கிடைத்துவிடும். எழுத்தைப் பார்த்து வித்தியாசம் தெரியாது, காதுதான் துணை.

எந்த அகராதி? முதல் மாதம் அச்சுப் புத்தகம்தான் என்பேன். இணையத்தில் தட்டித் தேடினால் வரிசை மனதில் பதியாது. சந்தேகம் வந்தால் மட்டும் ‘கெய்ரியாடுர் ப்ரிவிஸ்கோல் கம்ரி’ என்ற வேல்ஸ் பல்கலைக்கழக அகராதியின் இலவச இணையப் பதிப்பைப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த நண்பர், “எல்-இல் ‘லிவ்ர்’ இல்லையே?” என்று கேட்டார். ‘உன் புத்தகம்’ என்னும்போது தொடக்கத்தில் உள்ள எல்-எல் ஒற்றை எல் ஆகிவிடும். மூலச்சொல் எல்-எல்லில் இருக்கிறது. பி-எச் பகுதி ஏறக்குறைய காலியாக இருப்பதும் இதனால்தான்: அங்கே எதிர்பார்க்கும் சொற்களில் பெரும்பாலானவை பி-யில் தொடங்கி, ‘அவளுடைய’ போன்ற சில சொற்களுக்குப் பின்னால் வரும்போது மட்டும் உருமாறுபவை.