லயத்துத் தகரமும் தெமோதரைப் பாலமும் கறுப்பு வெள்ளையில்

நான் பிறந்தது லயத்துக் காம்பராவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில். கட்டடம் என்றாலே எனக்கு முதலில் தகரக் கூரைதான். அதை உச்சி வெயிலில் படம் எடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது தகரத்தின் ஒவ்வொரு நெளிவும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்று பிரியும். துருப் பிடித்த இடம் செம்பழுப்பு. கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பைக் கூட்டினால் துரு வெளிறும், குறைத்தால் கறுத்துத் திரளும். நான் குறைப்பேன். மழை தின்ற வருசங்கள் படத்தில் தெரிய வேண்டும்.

இலங்கை மலையகத்தின் தெமோதரை ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு மூடுபனி நாள்தான் தோது. 1921இல் இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுந்த பாலம் அது. ட்ரைபொட்டில் கமராவைப் பூட்டி, பத்து ஸ்டொப் என்டி பில்டர் போடுங்கள்; லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைப் பத்துமுறை பாதி பாதியாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 செக்கனிலிருந்து ஏறத்தாழ 17 செக்கனாக நீளும். பனி பாலாய் வழிய, தூண்கள் மட்டும் அசையாமல் நிற்கும். கமராவை அண்ணாத்தினால் தூண்கள் உள்ளே சாய்ந்துவிடும்; பின்னால் தள்ளி நின்று மட்டமாகப் பிடியுங்கள். தேயிலைச் சரிவு வெளிறிப் பாலத்தை அமுக்கினால் கணினியில் பச்சையை மட்டும் இறக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். நான் அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டைத்தான் வைத்திருக்கிறேன்.