வீட்டு டிஎன்ஏ சோதனையில் சொந்தம் தேடுவது எப்படி

குடும்பத்தில் மூத்தவரிடமிருந்தே தொடங்குங்கள். பாட்டியின் மரபணுவில் ஏறத்தாழ கால் பங்குதான் பேரனிடம் வந்து சேரும். பேரனை மட்டும் சோதித்தால் மீதி தவறிப்போகும். எதற்கென்று விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

எச்சில் எடுக்கும் முன் 30 நிமிடம் சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை எதுவும் கூடாது. எச்சில் குழாயின் கோடுவரை வரவேண்டும். நுரை கணக்கில் சேராது. மூடியிலுள்ள திரவம் முழுக்க இறங்கியதும் நன்றாகக் குலுக்குங்கள். வாய் உலர்ந்த முதியவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுக்கும் பஞ்சுக்குச்சி கிட்தான் வசதி. அனுப்பும் முன் குழாயின் எண்ணை மறக்காமல் இணையத்தில் பதியுங்கள்.

முடிவு வந்ததும் எல்லோரும் இன விழுக்காட்டைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் உதவுவது உறவினர் பட்டியல், அதாவது சோதனை செய்தவர்களில் உங்களோடு மரபணு ஒத்துப்போகிறவர்களின் பட்டியல். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் சராசரியாக 12.5% மரபணு ஒத்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் சுமார் 3%.

நம்மவர்க்குச் சிக்கலே இங்குதான். அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாக மணம் முடித்த குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகக் காட்டும். ஆகவே மொத்த சென்டிமார்கனை (ஒத்த மரபணுவின் நீளத்தை அளக்கும் அலகு) மட்டும் நம்பாமல், இருவருக்கும் ஒத்த டிஎன்ஏவில் மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். குட்டித் துண்டுகள் பல சேர்ந்தே பெரிய எண் வந்திருந்தால், அந்த உறவு பெரும்பாலும் பல தலைமுறைக்கு முந்தையது.