முழுச் சூரிய கிரகணத்தைப் பார்ப்பது எப்படி: லக்சரின் ஆறு நிமிடங்களுக்கான ஆயத்தம்

2027 ஆகஸ்ட் 2 அன்று நிலவின் முழுநிழல் ஸ்பெயினின் தென்கோடி, மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்து ஆகியவற்றைக் கடந்து, செங்கடலைத் தாண்டி, சவூதி அரேபியாவையும் ஏமனையும் தொட்டுச் செல்லும். எகிப்தின் லக்சர் நகருக்கு அருகே சூரியன் 6 நிமிடம் 23 விநாடிகள் முழுமையாக மறைந்திருக்கும். இதைவிட நீண்ட முழுக்கிரகணத்துக்கு 2114 வரை காத்திருக்க வேண்டும். ஜித்தாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கோ, ஊரைவிட்டு நகராமலேயே ஏறத்தாழ ஆறு நிமிடம் வாய்க்கிறது.

நிழற்பாதைக்குள் நின்றே தீர வேண்டும் என்பது முதல் விதி. 99 சதவீதம் மறைந்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள், போதாது. மீந்திருக்கும் அந்த ஒரு சதவீதச் சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு ஒளி வீசும். நாம் பார்க்கப் போகும் கரோனாவோ, அதாவது சூரியனைச் சூழ்ந்த மங்கலான ஒளிவட்டமோ, முழுநிலவின் அளவுக்கே ஒளியுடையது. 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்த வளையக் கிரகணத்தில் கரோனாவைக் காண முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். கெய்ரோவில் தங்கியிருப்பவர்கள் அங்கிருந்தே பார்த்துவிடலாம் என்று எண்ணாமல், முதல் நாளே தெற்கே லக்சருக்கு வந்துவிட வேண்டும்.

அங்கே முழுமறைவு பிற்பகல் ஒரு மணியை ஒட்டி நிகழும். சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து தாங்காது என்பதால், விரித்துப் படுக்க ஒரு பாய் அவசியம். ஆகஸ்ட் வெயில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும். கிரகண வேளையில் தண்ணீரும் அருந்தக் கூடாது என்ற வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் அன்று மட்டுமாவது அதை விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்; கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை, ஆனால் அந்த வெயிலில் நீரின்றி இருப்பது உண்மையிலேயே ஆபத்து.

கண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் குறித்த கிரகணக் கண்ணாடி வேண்டும். அதை அணிந்து வீட்டுக்குள் பார்த்தால் சாதாரணப் பொருள் எதுவும் தெரியக் கூடாது. கீறலோ துளையோ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். எக்ஸ்ரே படச்சுருள், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடி ஆகியவை வேண்டவே வேண்டாம். இருகண்ணோக்கி (பைனாகுலர்) கொண்டு போகிறவர்கள் சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை அதன் முன்பக்க வில்லைகளில் பொருத்த வேண்டும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வடிகட்டியில்லாத இருகண்ணோக்கியில் பார்த்தால், குவிந்து வரும் ஒளி அந்தக் கண்ணாடியையும் பொசுக்கிக் கண்ணையும் பாழாக்கிவிடும்.

பகுதிமறைவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீளும். அவ்வப்போது ஒரு பார்வை போதும். மீதி நேரம் நிழலில் இருங்கள். அருகில் மரம் இருந்தால் அதன் அடியில் தரையைக் கவனியுங்கள்: இலை இடுக்குகளில் விழும் வட்ட ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியிருக்கும், காற்றில் இலை அசையும்போது நூறு பிறைகளும் சேர்ந்து அசையும். கடைசிப் பத்து நிமிடத்தில் வெயில் மங்கி வெளிறிய உலோக நிறம் கொள்ளும், வெப்பம் தணியும். அப்போது ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்தால், முழுமறைவுக்குச் சற்று முன் மெல்லிய நிழல்வரிகள் அதன்மேல் நெளிந்தோடக் காணலாம். எல்லாக் கிரகணத்திலும் அவை தெளிவாகத் தெரிவதில்லை.

வைர மோதிரம்போல் ஒற்றை ஒளிப்புள்ளி மின்னி அணைந்த பிறகே கண்ணாடியைக் கழற்ற வேண்டும்; கழற்றாமலே இருந்துவிட்டால் எதுவும் தெரியாது. முதல் இரண்டு நிமிடம் வெறுங்கண்ணால் மட்டும் பாருங்கள். கருவட்டத்தைச் சுற்றி வெண்பட்டு இழைகள் பிரிந்து நீள்வதுபோல் கரோனா விரிந்திருக்கும். பின்பு வடிகட்டி நீக்கிய இருகண்ணோக்கியில் விளிம்பை நோக்கினால், செந்நிறத் தீச்சுடர்கள் எழுந்து நிற்கக் காணலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சன், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்தவை இந்தச் சுடர்களைத்தான். அவற்றின் ஒளியில் தெரிந்த மஞ்சள் கோடே பின்னர் ஹீலியம் என்ற தனிமத்தை அறியவைத்தது. அடுத்துச் சில விநாடி தொடுவானத்தைச் சுற்றிப் பாருங்கள். நாலா திசையிலும் அந்திச் செம்மை படர்ந்திருக்கும்.

படம் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிலவைவிடச் சூரியன் ஏறத்தாழ 400 மடங்கு பெரிது, அதே அளவு மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் வானில் ஒரே அளவாய்த் தெரிகின்றன. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிக்கொண்டே போவதால் இந்தப் பொருத்தம் என்றென்றைக்கும் நிலைக்காது. அது நிலைத்திருக்கும் காலத்தில் பிறந்த நாம், கேமராத் திரையைச் சரிசெய்வதில் அந்த நிமிடங்களைச் செலவழிக்கலாகாது. முழுமறைவு தொடங்கி ஐந்தரை நிமிடத்தில் ஒலிக்கும்படி கைபேசியில் மணி வைத்துவிடுங்கள். அது ஒலித்ததும் இருகண்ணோக்கியைக் கீழே வையுங்கள், விளிம்பில் முதல் ஒளிப்புள்ளி தோன்றியதும் கண்ணாடியை அணியுங்கள்.

2027இல் போக இயலாதவர்களுக்கு, 2028 ஜூலை 22 அன்று சிட்னியில் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான முழுக்கிரகணம் இருக்கிறது. இந்தியாவுக்குள்ளேயே பார்க்க விரும்புவோர் 2034 மார்ச் 20 அன்று காஷ்மீர்ப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும் மாலை வேளை என்பதால், மேற்குத் திசையை மலை மறைக்காத இடமாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.