லென்ஸ் போகவில்லை: டிவிடி பிளேயரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

டிவிடி பிளேயர் படம் காட்ட மறுத்தால் முதலில் வாயில் வருவது "லென்ஸ் போயிடுச்சு" என்பதுதான். பல நேரம் வட்டைப் படிக்கும் அந்த லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செட்டப் மெனுவில் ஏதோ மாறியிருக்கும், கேபிள் தவறான துளையில் இருக்கும், அல்லது அந்தப் பிளேயரால் படிக்கவே முடியாத கோப்பைக் கொடுத்திருப்போம். நல்ல நிலையில் உள்ள பிளேயர்கள் இப்படி மூலைக்குப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, "எல்லா ஃபார்மட்டும் ஓடும்" என்ற வாசகத்தை அப்படியே நம்புவது. விசிடி, டிவிடி, எம்பி3, ஜேபெக் படங்கள், டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று அட்டைப்பெட்டியில் பட்டியல் இருக்கும். பட்டியலில் எம்பெக்-4 என்றும் போட்டிருக்கும். செல்போனில் எடுத்த வீடியோவும் எம்பி4தானே, ஓட வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். சிக்கலே இங்கேதான். எம்பெக்-4 என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிப்பதற்கான தரநிலை; அந்த ஒரே பெயருக்குள் பல பகுதிகள் உண்டு. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் இரண்டும் இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. விலை குறைந்த பிளேயர்களில் பெரும்பாலும் அதுவரைதான். செல்போன்கள் அதிகம் பயன்படுத்திய எச்.264 பத்தாம் பகுதி. அதை விரிக்கும் திறன் சிப்பில் இல்லையென்றால் வட்டையோ பென் டிரைவையோ எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை. கோப்பின் பெயரை ஏவிஐ என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. கணினியில் எக்ஸ்விட் ஆக மாற்றி, அகலத்தை 720 புள்ளிக்குள் வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். இல்லையென்றால் முறையான டிவிடி வீடியோவாகவே எழுதிவிடலாம். ப்ளூ-ரே வட்டும் இதில் ஓடாது. அதைப் படிக்க 405 நானோமீட்டர் ஊதா லேசர் வேண்டும்; டிவிடி பிளேயரில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர்.

பென் டிரைவ் விஷயத்திலும் இதே கதை. பெரும்பாலான பிளேயர்களுக்குத் தெரிந்தது ஃபேட்32 என்ற கோப்பு முறை மட்டும்தான். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவைச் செருகினால், காலியாக இருப்பதுபோல் காட்டும் அல்லது கண்டுகொள்ளவே செய்யாது. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது. கையடக்க ஹார்டு டிஸ்க்கைச் செருகுவது இன்னொரு தவறு. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர் மின்சாரம். சுழலத் தொடங்கும்போது பல டிஸ்க்குகள் அதற்கு மேல் இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

சப்டைட்டில் கோப்பு வைத்திருந்தால் அதன் பெயரும் படத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் ஏமாற்றம் உண்டு: இந்த வகைப் பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்; கணினியிலேயே எழுத்துகளைப் படத்தின் மேல் பதித்துக் கொண்டுவருவதுதான் வழி. கோப்புப் பெயர்களையும் ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள்.

சரி, இப்போது அதிகம் பேரைக் கலங்கடிக்கும் ஒன்று. நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று ஒலி மட்டும் வருகிறது, படம் இல்லை, அல்லது கோடு கோடாகக் கிழிந்து உருள்கிறது. எங்கள் வீட்டுப் பிளேயருக்கு இப்படி ஆனபோது, பழுது பார்க்கும் இடத்தில் லென்ஸை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் லென்ஸ் போயிருந்தால் ஒலி எப்படி வரும்? ரிமோட்டில் பி-ஸ்கேன் பட்டனை யாரோ தெரியாமல் அழுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். புரோகிரசிவ் ஸ்கேன் என்ற அந்த வெளியீடு பச்சை, நீலம், சிவப்பு என்ற மூன்று கம்பிகள் கொண்ட காம்போனென்ட் இணைப்புக்கானது. மஞ்சள் கம்பி மட்டும் இணைத்த டிவியில் அது தெரியாது. தீர்வு எளிது: வட்டை வெளியே எடுத்துவிட்டு அதே பட்டனை, சில ரிமோட்டுகளில் வி-மோடு என்று இருக்கும், ஒவ்வொரு முறையும் சில விநாடி இடைவெளி விட்டு அழுத்திப் பாருங்கள். படம் திரும்பி வந்துவிடும்.

படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால், மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறைத் தேர்வை மாற்றிப் பாருங்கள். முகங்கள் ஒடுங்கித் தெரிந்தால் டிவி வகையை 16:9 அல்லது 4:3 என்று சரியாகச் சொல்லவில்லை என்று பொருள். ஐந்து கம்பி இணைப்பில் சிவப்பு இரண்டு வரும். ஒன்று படத்துக்கு, மற்றது ஒலிக்கு. இதை மாற்றிச் செருகாதவர்கள் குறைவு. அப்புறம், படம் வந்து ஒலி வராவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: டிஜிட்டல் ஒலி 'ரா' என்று இருந்தால் 'பிசிஎம்' ஆக்குங்கள், வட்டில் டிடிஎஸ் ஒலி தேர்வாகியிருந்தால் ரிமோட்டின் ஆடியோ பட்டனால் டால்பி ஒலிக்கு மாற்றுங்கள். டிடிஎஸ்ஸை விரிக்கும் வசதி எல்லாப் பிளேயரிலும் இருக்காது.

இனி வட்டைத் துடைப்பது. கிராமபோன் தட்டைப் போல வட்டமாகத் துடைப்பது பழக்கத்தில் வரும் தவறு. தகவல் சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறல் பாதையை அங்கங்கே சிறிதளவு மட்டும் வெட்டும். பிழை திருத்தும் ஏற்பாடு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். பாதையின் போக்கிலேயே விழுந்த கீறல் தொடர்ச்சியாகப் பெரிய துண்டை மறைத்துவிடும். அதனால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். விரிசல் விட்ட வட்டைப் போடவே வேண்டாம். உள்ளே அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். சிதறினால் லென்ஸோடு போகும்.

லென்ஸ் விஷயத்தில் தொட்டதற்கெல்லாம் துடைப்பதே ஆபத்து. அது மெல்லிய கம்பிகளில் தொங்கும் சிறு பிளாஸ்டிக் வில்லை. அழுத்தினால் வளைந்துவிடும், தின்னர் பட்டால் மங்கிவிடும். சந்தேகம் வந்தால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கடையில் அச்சாக வாங்கிய ஆடியோ சிடி ஒன்று, டிவிடி ஒன்று, இரண்டையும் போடுங்கள். இரண்டும் ஓடினால் குறை உங்கள் வட்டில்தான். சிடி ஓடி டிவிடி மட்டும் தடுமாறினால் சிவப்பு லேசர் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம், ஏனென்றால் சிடிக்கு 780 நானோமீட்டரில் தனி லேசர் இருக்கிறது. இரண்டுமே ஓடாவிட்டால் தூசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தூரிகை வைத்த கிளீனிங் டிஸ்க்கை ஒருமுறை ஓட விடலாம். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்ததும் ஓடவில்லையென்றால், லென்ஸில் நீர் படிந்திருக்கும். ஓரிரு மணி நேரம் சும்மா விடுங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் மேல் வைத்து வெப்பத்தில் வாட்டுவது, வட்டு வைக்கும் தட்டைக் கையால் தள்ளி மூடுவது, ஸ்டாண்ட்-பையிலேயே மாதக்கணக்கில் விடுவது, இவை மெதுவாகக் கொல்லும் தவறுகள். தட்டை நகர்த்துவது பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர் பெல்ட். தள்ளத் தள்ள அது தளரும். ஸ்டாண்ட்-பையில் மின்வழங்கிப் பகுதி ஓய்வே இல்லாமல் சூடாகி, கெப்பாசிட்டர்கள் உப்பும். சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த வட்டு ஓடவில்லையா? பின்னட்டையில் உலக உருண்டைக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் அமெரிக்கா, கனடா. 2 என்றால் ஐரோப்பா, ஜப்பான். பிளேயரின் பின்புறத்தில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

வீட்டு நிகழ்ச்சிகளைப் பதிந்த வட்டுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை கெட்டு, படிப்பது தடுமாறும். எழுதும் வட்டில் தகவல் இருப்பது சாயத்தில், வெயில் பட்டால் மங்கும். ரெக்கார்டரிலோ டிவிடி கேமராவிலோ பதிந்தவற்றை அதே கருவியில் ஃபைனலைஸ் செய்யாவிட்டால், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காவிட்டால், மற்றப் பிளேயர்களில் பெரும்பாலும் ஓடாது. அந்தக் கருவி பழுதான பிறகு, வட்டு நன்றாக இருந்தும் பார்க்க முடியாமல் போகும். ஆகவே பதிந்த அன்றே ஃபைனலைஸ் செய்து, வேறொரு பிளேயரில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஓடுகிறதா என்று பார்த்து, கணினியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலப் பதிவை அழிப்பது அதற்கப்புறம்.