கை நுழையாத இடத்தில் டீசல் ஃபில்டர்: வீட்டிலேயே மாற்றும் முறை

பிக்கப் ட்ரக்கில் டீசல் ஃபில்டர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழசைக் கழற்ற வேண்டும், புதுசை மாட்ட வேண்டும், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையைக் கடினமாக்குவது ஃபில்டரை வைத்திருக்கிற இடம். என் வண்டியில் அது பேட்டரிக்கும் கேபின் தகட்டுக்கும் நடுவே, ஏர் கிளீனர் குழாய்க்கு அடியில் இருக்கிறது. நேர் கீழே ஸ்டார்ட்டர் மோட்டார். கழற்றும்போது சிந்துகிற டீசல் முழுக்க அதன் தலையில்தான் விழும்.

அசெம்பிளி லைனில் ஃபில்டரை மாட்டும்போது பேட்டரியும் குழாயும் இன்னும் ஏறியிருக்காது. அங்கே மாட்டுகிறவருக்குத் தாராளமாக இடம் உண்டு. கழற்றுகிற ஆளை யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான். அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்று: இருக்கிற சந்தில் கையைத் திணித்துப் போராடாமல், மறைத்து நிற்பதை முதலில் கழற்றி வெளியே வைத்துவிடுவது.

சாமான்கள்

10, 12, 14 நம்பர் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், வளைந்து திரும்பும் ஜாயின்ட், நூல் உதிராத துணி, கையுறை, அகலத் தட்டு, ஒளி ஊடுருவும் பாட்டில். ஃபில்டரைப் பிடிக்க நைலான் பட்டை ரென்ச்தான் என் தேர்வு, அதிலும் எக்ஸ்டென்ஷன் மாட்டித் திருப்பும் வகை. செயின் ரென்ச் தகட்டை நசுக்கும். கப் ரென்ச், ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் சென்சாரில் இடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருப்பவே வேண்டாம். தகடு கிழிந்தால் அப்புறம் பிடித்துத் திருப்ப ஒன்றுமே மிஞ்சாது.

1. வழியைத் திறப்பது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பேட்டரியில் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடிமனான ஒயரில் சாவி போடாவிட்டாலும் கரன்ட் இருக்கும். அதன் மேல் ஸ்பேனரோடு வேலை செய்யப் போகிறோம் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. பேட்டரி, அதன் தட்டு, ஏர் குழாய் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எஞ்சின் பக்கம் திறந்திருக்கும் குழாய் வாயில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன நட் அதற்குள் விழுந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

2. வடிப்பது

ஃபில்டரைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்கள். அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து டீசலைப் பாட்டிலில் பிடித்து, கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். டீசல் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு பிரித்து நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பாக வழவழப்பாக ஏதாவது இருந்தால், டேங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் ஃபில்டரோடு வேலை முடியாது, டேங்க்கையும் சுத்தம் செய்ய வேண்டும்.

3. சென்சார்

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்தப் படிதான். ஃபில்டரின் அடியில் தண்ணீர் சென்சார் இருக்கும். அதன் ஒயர் கனெக்டரில் உள்ள பூட்டு, என் வண்டியில் கேபின் தகட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனி மட்டும்தான் எட்டும். ஒயரும் குட்டை, கொஞ்சம்கூட இழுத்துக்கொள்ள முடியாது.

போன் கேமராவைக் கீழே நுழைத்து ஒரு படம் எடுத்து, பூட்டு எந்தப் பக்கம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் கனெக்டரை இழுக்காதீர்கள், முதலில் உள்பக்கமாகத் தள்ளுங்கள். பூட்டு மேல் இருக்கும் இறுக்கம் அப்போதுதான் விடும். அதே நிலையில் பூட்டை அமுக்கிக்கொண்டு வெளியே எடுங்கள். அமுங்கவே இல்லை என்றால் பூட்டுக்கு அடியில் மண் இறுகியிருக்கும். சின்ன பிரஷால் தட்டிவிட்டால் போதும். அமுக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்தால் பூட்டின் காது உடையும்.

சென்சாரை வண்டியில் இருக்கும்போதே கழற்றப் பார்க்க வேண்டாம். பட்டை ரென்ச்சால் ஃபில்டரைச் சென்சாரோடு சேர்த்தே இறக்கி, மேசையில் வைத்துப் பிரியுங்கள். மரை பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் வைஸில் இறுக்க வேண்டாம். புது ஃபில்டரில் ஏற்றும்போது புது ஓ-ரிங் (லீக்கைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு, டீசல் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள்.

4. புது ஃபில்டர்

பழைய கேஸ்கெட் (ஃபில்டரின் மேல் விளிம்பில் லீக்கைத் தடுக்கும் வளையம்) ஃபில்டரோடு வந்துவிட்டதா, மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் நிச்சயம் லீக்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. நடு ஓட்டை வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கம். அதில் ஊற்றுவது வடிகட்டப்படாமலே பம்ப்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கும் போகும். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) காலியாகவே மாட்டுங்கள், ப்ரைமர் (டீசலை இழுத்து ஏற்றும் சின்ன பம்ப்) நிரப்பிக்கொள்ளும். கேஸ்கெட்டில் டீசல் தடவி, அது தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி.

5. ஏர் எடுப்பது

பேட்டரித் தட்டைத் திரும்ப மாட்டும் முன்பே இதைச் செய்யுங்கள். தட்டு ஏறிவிட்டால் ப்ரைமரை அமுக்கக் கை போகாது. காற்று வெளியேற விடும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை அமுக்கி, ஸ்க்ரூவை மூடி, ப்ரைமர் கல்லாக இறுகும்வரை மறுபடியும் அமுக்குங்கள். கை ப்ரைமர் இல்லாமல் எலெக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டியில், பேட்டரியை மாட்டி, சாவியை ஆனில் 30 வினாடி வைத்து அணைத்து, இதையே சில தடவை செய்ய வேண்டும். செல்ஃப் அடிக்கக் கூடாது.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, வறண்டு ஓடினால் தேயும்.

பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே 1,600 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தம் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும்.

ஹோஸ், எஞ்சின் மவுண்ட் ரப்பர் மேல் சிந்திய டீசலைத் துடைத்துவிடுங்கள். ரப்பர் ஊறிப் போகும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு வீட்டில் செய்து பார்த்த பலர் ஒரே பிரச்சினையை எழுதியிருந்தார்கள்: மாற்றிய அன்று வண்டி நன்றாக ஓடுகிறது, மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, கீழே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை.

ஃபில்டர் பம்ப்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் லீக் இருந்தால் டீசல் வெளியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிற்கும்போது அந்த வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸை எடுத்துவிட்டு, டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் முதலில் சென்சார் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள், அடுத்து மேல் கேஸ்கெட், அடுத்து ஏர் ஸ்க்ரூ வாஷர்.

டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு அணையவில்லை என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கனெக்டர் 'டிக்' என்று உட்காரும்வரை தள்ளினீர்களா என்று பாருங்கள். பாதியில் நின்றாலும் மேலிருந்து பார்த்தால் சரியாக மாட்டியது போலத்தான் தெரியும், அதனால் இங்கேயும் போன் கேமராவை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும்.