பழைய மின்நிலையக் கட்டடத்தைப் பார்க்கும் முறை: சிங்கப்பூர் செயின்ட் ஜேம்ஸை முன்வைத்து

கெப்பல் துறைமுகத்தை ஒட்டி, ஃபேபர் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடம்தான் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம். 1927-ல் நிலக்கரியில் ஓடத் தொடங்கி 1976-ல் நின்றது. அப்புறம் கிடங்கானது, 2006-ல் கேளிக்கை விடுதியானது, 2009-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் டைசன் நிறுவனத்தின் தலைமையகமாகிவிட்டது. இப்படிக் கைமாறிய கட்டடங்களில் இயந்திரங்களைத் தேடிப் பயனில்லை. எது எங்கே இருந்தது என்பதைச் சுவரையும் தரையையும் கூரையையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பலரும் முகப்பில் தொடங்குகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மின்னாக்கியை ஓட்டும் டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் கண்டன்சரில் மறுபடி தண்ணீராக்க, அதன் எடையைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல் குளிர்ந்த நீர் வேண்டும். அதனால்தான் இந்த நிலையங்கள் கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ நிற்கின்றன. நீர் உள்ளே வந்த வாயும் வெளியேறிய வாயும் பெரும்பாலும் தள்ளித்தள்ளி இருக்கும். பக்கத்தில் இருந்தால் வெளியே விட்ட சூடான நீரே திரும்ப உள்ளே வந்து, கண்டன்சரின் வெற்றிடம் குறைந்து, டர்பைனின் திறன் விழும்.

அடுத்தது நிலக்கரி. 1920-களின் நிலையங்களில் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்குக் குத்துமதிப்பாக ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எரிந்தது. ஆயிரம் கிலோவாட் இயந்திரம் நாள் முழுக்க முழுச்சுமையில் ஓடினால் 24,000 யூனிட். அதற்கு 24 முதல் 36 டன் நிலக்கரி தேவை. சாம்பலையும் அதேபோல் வெளியேற்ற வேண்டும். படகுத்துறை, தண்டவாளம், சேமிப்பு முற்றம் ஆகியவற்றின் தடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் கொதிகலன் கூடம்.

உள்ளே போனதும் கூடங்களைப் பிரித்துப் பாருங்கள். உயரமாக, கூரை உச்சியில் காற்றுப்போக்கித் திறப்புகளோடு இருப்பது கொதிகலன் கூடம். டர்பைன் கூடத்துக்கு நீளமான ஜன்னல்கள் இருக்கும். இருபுறத் தூண்களிலும் ஒரே உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகள் தெரியும். அவற்றின் மேல்தான் கிரேன் ஓடிய கர்டர், அதாவது நீளமான உத்தரம், கிடந்தது. கர்டர் போனாலும் தாங்கி மிஞ்சும். கிரேனே இருந்தால் அதில் எழுதியிருக்கும் டன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: பராமரிப்பின்போது தூக்க வேண்டிய மிகக் கனமான ஒற்றைப் பாகம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதற்கு அதுவே உச்சவரம்பு. இந்தக் கூடத்தில் வேலைத்தளம் உயர்ந்து, கீழே ஓர் அடித்தளம் இருந்தால், அது கண்டன்சர் உட்கார்ந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

புகைபோக்கியும் பேசும். நெடிய செங்கல் புகைபோக்கி என்றால் இயற்கையான இழுப்பை நம்பிய அமைப்பு. குட்டையான எஃகுக் குழாய் என்றால், காற்றை இழுக்க விசிறி வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

இனி கட்டடத்தின் வயது. மின்தேவை ஏற ஏற நிலையத்தை நீட்டிக்கொண்டே போவார்கள். அதற்காக ஒரு முனைச் சுவரைத் தகரத்தில் தற்காலிகமாக அடைத்துவைப்பதும் வழக்கம். வெளிச்சுவரோடு மெல்ல நடந்து, செங்கற்கள் ஒன்றையொன்று கவ்வாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் பிரியும் இடத்தைத் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு காலம், அந்தப்பக்கம் வேறொரு காலம். செங்கலின் நிறமும் சாந்தின் தடிமனும் மாறினால் சந்தேகமே வேண்டாம். எஃகு உத்தரங்களின் பக்கவாட்டில் 'டார்மன் லாங்' போன்ற ஆலைப் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் தடிமனாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து ஒளி விழட்டும். நேராக அடித்தால் எழுத்து தெரியாது.

இதற்குப் பிறகுதான் காகித ஆவணங்கள். இங்கே வழுக்கும் இடம் 'முதல்' என்ற அடைமொழி. செயின்ட் ஜேம்ஸ் சிங்கப்பூரின் முதல் மின்நிலையம் அல்ல. முதல் நகராட்சி மின்நிலையம். 1905-ல் டிராம் ஓடத் தொடங்கியபோதே மெக்கன்சி சாலையில் டிராம் நிறுவனத்தின் நிலையம் இருந்தது. 1906-ல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ தெருவிளக்குகளுக்கு நகராட்சி அங்கிருந்துதான் மின்சாரம் வாங்கியது. எந்த ஊரானாலும் டிராம், ரயில், சுரங்க நிறுவனங்களின் நிலையங்களைத் தனியாகத் தேடிவிட்டே 'முதல்' என்று எழுதுங்கள்.

ஆண்டிலும் இதே குழப்பம் வரும். கட்டுமானத் தொடக்கம், இயந்திரம் முதலில் சுழன்ற நாள், திறப்பு விழா மூன்றும் வேறுவேறு. நகராட்சியின் ஆண்டறிக்கையில் இயந்திரம் ஓடிய நாள் கிடைக்கும். செய்தித்தாளில் விழாதான் கிடைக்கும். சிங்கப்பூரின் பழைய இதழ்களைத் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நிலையத்தின் திறனைக் குறிக்கும்போது ஆண்டையும் சேர்த்து எழுதாவிட்டால், பின்னால் சேர்ந்த இயந்திரங்களெல்லாம் திறப்பு நாளின் கணக்கில் ஏறிவிடும். கிலோவாட்டையும் (உண்மையில் வேலை செய்யும் திறன்) கேவிஏவையும் (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் அளவு) ஒன்றாக்கிவிடவும் கூடாது.

கடைசியாக முகப்பு. சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சச் சொல்லி யாராவது வந்தால் தடுங்கள். சூளையில் சுட்ட கெட்டியான மேல்தோல் உரிந்துபோனால் செங்கல் தண்ணீரை உறிஞ்சும். கடலோரத்தில் உப்பும் கூடவே ஏறும். பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசினாலும் வினைதான்: இணைப்பு வழியே வெளியேற முடியாத ஈரம் செங்கலின் வழியே வெளியேறும், உப்பு உள்ளே படிகமாகி, சில ஆண்டுகளில் செங்கலின் முகம் செதில்செதிலாக உதிரும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று சாந்து குழைத்து, கண்ணில் படாத மூலையில் பூசிப் பார்த்து, பழையதைவிட மென்மையாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிச் சோதித்த பிறகு முகப்பில் கை வையுங்கள்.